இணைப்பு மொழியும் இணைப்புச் சொற்களும்



1987ஆம் ஆண்டு நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம், இலங்கை அரசியலமைப்பிலே தமிழையும் ஓர் அரசகரும மொழியாக்கிற்று; ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வகுத்தது. இணைப்பு மொழி என்பதன் பொருளைப் புத்தளக் கரையோர மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த இக்கரையிலே தமிழும் சிங்களமும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை கற்பிட்டிக் கடலில் டொல்பின்களைக் காண வரும் வெளிநாட்டாரோடு வள்ளமோட்டும் இளைஞர் ஆங்கிலத்திலேயே பேச வேண்டியுள்ளது. வங்கிப் படிவம், மருந்துப் பெட்டி, இயந்திரக் கையேடு, வேலைக்கான விண்ணப்பம் ஆகியவற்றிலும் அம்மொழி நம்மை எதிர்கொள்கின்றது.

இம்மொழியைப் பயிலும் நம் மாணாக்கர் எங்கே தடுமாறுகின்றனர்? நீண்ட, அரிய சொற்களிலே என்று பலர் எண்ணுவர். வகுப்பறையில் நெடுங்காலம் கழித்தவர் வேறு விதமாகக் கூறுவர். அரசாங்கம், சுற்றாடல், போக்குவரத்து முதலியவற்றுக்கு உரிய ஆங்கிலச் சொற்களை எழுத்துப் பிழையின்றி எழுதும் மாணவன், 'பட்', 'ஓல்தோ', 'பிகோஸ்', 'அன்லெஸ்', 'அன்டில்' என்னும் சிறு சொற்களிலே இடறி விழுகின்றான். பெயர்ச்சொல்லிலே பிழை நேர்ந்தால், கேட்பவர் ஊகித்து அறிவர். இணைப்புச் சொல்லிலே பிழை நேர்ந்தாலோ, வாக்கியம் பிழையென்றே தோன்றாது. செம்மையாய் ஒலித்தவாறே, சொல்லக் கருதியதற்கு நேர்மாறான பொருளைச் சொல்லிவிடும். இதனாலேயே இச்சிறு சொற்களைப் பற்றி இன்று சிறிது விரிவாக ஆராய விழைகின்றேன்.

முதற்கண் நம் தமிழின் இயல்பை நோக்குவோம். தொல்காப்பியர் இத்தகைய சொற்களுக்கென இடையியல் என்று தனி இயலே வகுத்தார். 'உம்' என்னும் ஓர் இடைச்சொல்லுக்கு மட்டும் எட்டுப் பொருள்கள் கூறினார். ஆகவே, இணைக்கும் சொல்லின் அருமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். ஆயினும், தமிழ் இணைக்கும் முறை வேறு. ஆங்கிலம் இணைக்கும் முறை வேறு. தமிழிலே இணைப்பு பெரும்பாலும் வினையின் இறுதியிலே ஒட்டி நிற்கும். பெய்ததால், பெய்தபோதிலும், பெய்தால், பெய்யும்வரை என்பவற்றை நோக்குக. ஆங்கிலத்திலே அவ்விணைப்பு தனிச் சொல்லாகப் பிரிந்து, அதே வாக்கியக் கூற்றின் தலையிலே போய் அமரும். வாலில் இருப்பது தலைக்குப் போகின்றது, அவ்வளவே வேறுபாடு. இதனை மனத்திற் கொண்டால் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

குழப்பம் எங்ஙனம் பிறக்கின்றது? இணைப்புச் சொல்லைத் தனியே பிரித்து, அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை நேராக எழுதி, இரண்டையும் நெட்டுருச் செய்வதாலேயே பிறக்கின்றது. 'ஓல்தோ' என்பதற்கு ஆனாலும் என்று பொருள் எழுதிக்கொண்ட மாணவனை எடுத்துக்கொள்வோம். "மழை பெய்தது, ஆனாலும் வள்ளம் சென்றது" என்பது தமிழ். இதில் ஆனாலும் என்பது வள்ளத்தைப் பற்றிய கூற்றின் முன்னே நிற்கின்றது. மாணவன் அவ்விடத்திலேயே 'ஓல்தோ'வை வைத்து, "இட் ரெய்ன்ட், ஓல்தோ த போட் வென்ட்" என்று எழுதுகின்றான். இதற்கு ஆங்கிலம் அறிந்தவர் கொள்ளும் பொருள் யாது? "வள்ளம் சென்றபோதிலும் மழை பெய்தது" என்பதே. வள்ளம் புறப்பட்டதைக் கண்டு மழை நின்றிருக்க வேண்டும் என்பது போல் ஆகிவிடுகின்றது!

'ஓல்தோ'வுக்கு உரிய தமிழ், பெய்தபோதிலும் என்னும் சொல்லின் இறுதியில் உள்ள 'போதிலும்' ஆகும். "மழை பெய்தபோதிலும் வள்ளம் சென்றது" என்று முதலில் தமிழிலே அமைத்துக்கொள்க. பின்பு போதிலும் என்பதை அம்மழைக் கூற்றின் தலைக்குக் கொண்டு செல்க. "ஓல்தோ இட் ரெய்ன்ட், த போட் வென்ட்" என்பது தானே அமைந்துவிடும். ஆனாலும், ஆனால் என்பவை இரண்டாம் கூற்றின் முன்னே நிற்பவை. அவ்விடத்துக்கு உரியது 'பட்'.

மற்றொரு வழுவும் இதனோடு சேர்ந்தே வருவது. முதற்கூற்றிலே 'ஓல்தோ'வும் இரண்டாம் கூற்றிலே 'பட்'டும் ஆக இரண்டையும் எழுதுவோர் பலர். "மழை பெய்தபோதிலும், ஆனால் வள்ளம் சென்றது" என்று தமிழிலே எவரேனும் கூறினால் நம் செவி உடனே மறுக்கும். அச்செவியையே ஆங்கிலத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரு மூட்டுக்கு ஒரு முடிச்சுப் போதும். 'யெட்' என்னும் சொல் 'ஓல்தோ'வுக்குத் துணையாகச் சில நடைகளில் வருவதுண்டு, 'பட்' வருவதில்லை.

அடுத்து, காரணமும் காரியமும் பற்றிய சொற்கள். 'பிகோஸ்' என்பதற்கு ஆனபடியால் என்று பொருள் கற்ற பிள்ளை விடுமுறைக் கடிதம் எழுதுகின்றது. "எனக்குக் காய்ச்சல்; ஆனபடியால் பாடசாலைக்கு வரவில்லை" என்பது அதன் கருத்து. ஆனபடியால் நின்ற இடத்திலே 'பிகோஸ்' வந்து அமர்கின்றது. விளைவோ, பாடசாலைக்கு வராத காரணத்தால் காய்ச்சல் வந்தது என்பதாகும். கடிதத்தைப் படிக்கும் ஆசிரியர் புன்னகையோடு திருத்தி விடலாம். அதே பிள்ளை வளர்ந்து, விபத்தைப் பற்றியோ வேலையிழப்பைப் பற்றியோ ஒரு காரியாலயத்துக்கு எழுதும்போது அங்கே புன்னகைக்க எவரும் இரார். எது காரணம், எது விளைவு என்பதே அங்கு வழக்கு. 'பிகோஸ்' எப்பொழுதும் காரணத்தின் தலையிலே நிற்கும்; 'ஸோ' எப்பொழுதும் விளைவின் தலையிலே நிற்கும். தமிழிலே 'பிகோஸ்'ஸுக்கு இணையாக அதே இடத்தில் நிற்கும் சொல் ஏனெனில் என்பது; 'ஸோ'வுக்கு இணையானது ஆகையால் என்பது. இவ்விரண்டையும் மாற்றாதிருந்தால் போதும்.

காரணம் கூறும் மற்றொரு சொல் 'சின்ஸ்'. இது இரட்டைப் பொருளுடையது. அன்று தொட்டு என்று காலத்தையும் காட்டும். ஆதலால் என்று காரணத்தையும் காட்டும். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் இம்மாவட்டத்தை வந்தடைந்தனர். அவருள் ஒருவர், தம் காணி பற்றி, "சின்ஸ் வி லெஃப்ட் மன்னார், வி ஹாவ் ஹாட் நோ டீட்" என்று எழுதுவதாகக் கொள்வோம். மன்னாரை விட்டு வந்த நாள் தொட்டு உறுதி இல்லை என்கின்றாரா? விட்டு வந்ததனால் உறுதி இல்லை என்கின்றாரா? முதலாவது காலக் குறிப்பு. இரண்டாவது இழப்புக்கான காரணம். படிக்கும் அதிகாரி எப்பொருளையும் கொள்ளலாம். இத்தகைய இடங்களில் காரணத்துக்குப் 'பிகோஸ்' என்பதையே எழுதி, 'சின்ஸ்' என்பதைக் காலத்துக்கென்று ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை. இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கின்றது. ஆயினும், விண்ணப்பத்துக்கு வேண்டுவது ஐயத்துக்கு இடமில்லாத தெளிவு.

இனிக் கடற்கரைக்கு வருவோம். "காற்று ஓயாவிட்டால் கடலுக்குப் போகாதே" என்பது தந்தை மகனுக்குக் கூறும் சொல். இதனை 'அன்லெஸ்' கொண்டு ஆங்கிலத்தில் ஆக்க முயலும் மாணவன், ஓயாவிட்டால் என்பதில் எதிர்மறை இருப்பதைக் கண்டு, 'அன்லெஸ்' என்பதன் பின் 'நொட்' என்பதையும் சேர்த்து விடுகின்றான். 'அன்லெஸ்' தன்னுள்ளே எதிர்மறையைக் கொண்ட சொல். அதனோடு இன்னோர் எதிர்மறை சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். "காற்று ஓய்ந்தால் போகாதே, ஓயாமல் வீசும்போது போ" என்னும் பொருள் பிறக்கும். தந்தை தடுத்த இடத்துக்கே ஆங்கிலம் மகனை அனுப்பி வைக்கின்றது.

இதற்கும் மருந்து தமிழிலேயே உள்ளது. "காற்று ஓய்ந்தாலன்றிப் போகாதே" என்று கூறிப் பாருங்கள். ஓய்ந்தால் என்பது உடன்பாடு. எதிர்மறை அன்றி என்பதில் மட்டும் நிற்கின்றது. 'அன்லெஸ்' என்பதும் இவ்வாறே. வினையை உடன்பாடாக விட்டு, எதிர்மறையைத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வது. எனவே 'அன்லெஸ்'ஸைக் கற்பிக்கும் ஆசிரியர், விட்டால் என்னும் ஈற்றைக் காட்டாமல் ஆலன்றி என்னும் ஈற்றைக் காட்டுவாராயின் பாதி வேலை முடிந்தது. விட்டால் என்பதற்கு நேரானது 'இஃப்' என்பதும் 'நொட்' என்பதும் சேர்ந்த தொடர்.

'அன்லெஸ்', 'அன்டில்' இரண்டும் ஒலியால் நெருங்கியவை, பொருளால் விலகியவை. "நான் அழைக்கும்வரை புறப்படாதே" என்பது 'அன்டில்'. இங்கே அழைப்பு வரும் என்பது உறுதி. வரும் நேரமே தெரியாது. "நான் அழைத்தாலன்றிப் புறப்படாதே" என்பது 'அன்லெஸ்'. இங்கே அழைப்பு வராமலே போகலாம். முன்னையவன் பயண மூட்டையைக் கட்டி வைத்துக் காத்திருப்பான். பின்னையவன் மூட்டை கட்ட வேண்டுவதில்லை.

'அன்டில்' பற்றி இன்னும் நுட்பமான ஓர் இடர் உண்டு. தமிழில் வரை என்னும் சொல் இரு வேலை செய்கின்றது. "காற்று ஓயும்வரை கடலுக்குப் போகாதே" என்னும்போது அது தடையின் எல்லையைக் காட்டுகின்றது. "காற்று வீசும்வரை கடலுக்குப் போகாதே" என்னும்போதோ, வீசிக்கொண்டிருக்கும் காலம் முழுவதையும் காட்டுகின்றது. நமக்கு இரண்டும் ஒரே அறிவுரை; குழப்பமேயில்லை. வரை என்றால் 'அன்டில்' என்று மட்டும் அறிந்தவன் இரண்டாவதை ஆங்கிலமாக்கினால், "டோன்ட் கோ டு சீ அன்டில் த வின்ட் ப்லோஸ்" என்றாகும். காற்று வீசத் தொடங்கும்வரை பொறுத்திரு, வீசியதும் புறப்படு என்பது இதன் பொருள். உயிர் உள்ளவரை மறவேன் என்பதை 'அன்டில்' இட்டு மொழிபெயர்ப்போரும் இவ்வழியிலேயே வழுவுகின்றனர். கால நீட்சியைக் குறிக்கும் வரைக்கு ஆங்கிலத்தில் 'அஸ் லோங் அஸ்' என்பதோ 'வைல்' என்பதோ வரவேண்டும். வரைக்கு முன் நிற்கும் வினை ஒரு முடிவைக் குறிக்கின்றதா, நீளும் நிலையைக் குறிக்கின்றதா என்று வினவிப் பார்த்தால் ஐயம் தீரும்.

இது வெறும் வகுப்பறை விவகாரம் அன்று. வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் கடற்பரப்பு முன்னறிவிப்புகளிலே, புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு என்னும் தொடரை நேயர்கள் வானொலியில் பன்முறை கேட்டிருப்பீர்கள். சோளகக் காற்று மிகும் காலங்களில், மறு அறிவித்தல் வரும்வரை கடலுக்குச் செல்ல வேண்டாம் என்னும் எச்சரிக்கையும் சில வேளைகளில் வருவதுண்டு. இவ்வெச்சரிக்கை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது, அதனைத் தாங்கிச் செல்வது வரை என்னும் அச்சிறு சொல்லே. வெளிநாட்டாரை வள்ளத்தில் ஏற்றிச் செல்லும் இளைஞன் இதனைத் தன் வாயால் ஆங்கிலத்தில் விளக்க வேண்டியவனாக இருக்கின்றான் அல்லவா?

கடலை விட்டு உப்பளத்துக்குச் செல்வோம். 'இஃப்', 'இன் கேஸ்' என்னும் இரண்டையும் ஒன்றென எண்ணுவோர் உளர். பின்னையது இரு சொல்லாயினும், ஒரு சொற்போல் நின்று இணைப்பது. புத்தளத்து உப்பளத்திலே வாரிக் குவித்த உப்பைக் கிடுகினால் மூடச் சொல்கின்றார் மேற்பார்வையாளர். 'இஃப்' என்று சொன்னால், மழை பெய்தால் மூடு என்பதாகும். பெய்யும்வரை மூட வேண்டுவதில்லை. 'இன் கேஸ்' என்று சொன்னால், மழை பெய்யவும் கூடும், ஆதலால் இப்பொழுதே மூடு என்பதாகும். முன்னையது மழையைக் கண்ட பின் செய்யும் செயல். பின்னையது மழைக்கு முன் செய்யும் காப்பு. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால், பல நாள் வெயிலில் விளைந்த உப்பு ஒரு மழையில் கரைந்து போகும். தமிழிலே 'இன் கேஸ்' என்பதற்கு ஒற்றைச் சொல் தேடி அலைய வேண்டா. "பெய்யக்கூடும் என்று" என்னும் தொடரே போதும்.

இறுதியாக, யாவரும் எளிதென எண்ணும் 'அன்ட்', 'ஓர்' என்னும் இரண்டையும் பார்ப்போம். 'அன்ட்' என்றால் உம், 'ஓர்' என்றால் அல்லது என்று கீழ்வகுப்பிலேயே கற்பிக்கின்றோம். உடன்பாட்டு வாக்கியங்களில் இது பொருந்தும். எதிர்மறை வாக்கியங்களிலோ இக்கணக்குத் தலைகீழாகி விடுகின்றது. "இம்மருந்தோடு பாலும் பழரசமும் அருந்தலாகாது" என்று தமிழ் கூறும். இரண்டுமே ஆகா என்பது கருத்து. இதே கருத்தை ஆங்கிலம் 'ஓர்' கொண்டு சொல்லும். மாணவன் உம் என்பதைக் கண்டு 'அன்ட்' எழுதினால், பாலையும் பழரசத்தையும் ஒருசேர அருந்தலாகாது, தனித்தனியே அருந்தலாம் என்று பொருள்கொள்ள இடமாகின்றது.

மறுதலையாக, ஆங்கிலக் குறிப்பிலே 'ஓர்' இருப்பதைக் கண்டு, "பால் அல்லது பழரசம் அருந்தலாகாது" என்று தமிழாக்கினால், படிப்பவர் இரண்டில் ஒன்று மட்டுமே விலக்கப்பட்டது போலும் என்று மயங்குவர். பொதுவிடங்களில் தொங்கும் அறிவித்தற் பலகைகள் சிலவற்றில் இவ்வகைத் தமிழைக் காண்கின்றோம். மருந்தின் விடயத்திலே இம்மயக்கம் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. விதி இதுவே: ஆங்கிலத்தில் மறுப்பின் பின் வரும் 'ஓர்', தமிழில் உம்மையாகும், தமிழில் மறுப்போடு வரும் உம்மை, ஆங்கிலத்தில் 'ஓர்' ஆகும்.

நேயர்களே, மேற்கூறிய உதாரணங்கள் அனைத்திலும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பிழைக்குக் காரணம் தமிழ் அன்று. தமிழை அரைகுறையாகப் பயன்படுத்தியதே. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று அகராதியிலிருந்து பறித்து வைத்தபோது வழி தவறினோம். முழு வாக்கியத்தையும் நல்ல தமிழில் அமைத்துக்கொண்டபோது வழி கிடைத்தது. ஆங்கிலப் பாட வேளையிலே தமிழை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும் என்னும் கருத்து ஆசிரியர் சிலரிடையே வேரூன்றியுள்ளது. ஆங்கிலம் பேசிப் பழகுவதற்கு அவ்விதி ஓரளவு உதவலாம். இணைப்புச் சொற்களைத் தெளிவதற்கு அது உதவாது. வீட்டிலும் சந்தையிலும் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு, ஐயம் நேர்ந்தால் உரசிப் பார்க்கும் உரைகல் அதன் தாய்மொழியே. அவ்வுரைகல்லையும் பறித்துக்கொண்டால் அப்பிள்ளை எதனைக் கொண்டு சோதிக்கும்?

இக்கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றிய விவரத் திரட்டாகிய 'சிலோன் கசெற்றியர்' என்னும் நூலை 1834ஆம் ஆண்டிலும், தமிழ்ப் புலவர் வரலாறுகளைக் கூறும் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலை 1859ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்திலே எழுதி வெளியிட்டார். தமிழ்ப் புலமையே அவருடைய ஆங்கில நூலுக்குப் பொருளாயிற்று. ஒரு மொழியை விட்டுத்தான் மற்றொன்றைப் பெற வேண்டும் என்பது உண்மையாயின், கற்பிட்டியில் அந்நூல் பிறக்க வழியில்லை.

ஆதலால் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஓர் எளிய பயிற்சியைக் கூறி முடிக்கின்றேன். பிள்ளை இணைப்புச் சொல்லோடு கூடிய ஆங்கில வாக்கியம் ஒன்றை எழுதியதும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். அச்சொல் எந்தக் கூற்றின் தலையில் நிற்கின்றது? அக்கூற்றைத் தமிழில் கூறினால் வினையின் இறுதியில் என்ன ஈறு வரும்? இவ்வாக்கியத்தைக் கேட்டவன் இப்பொழுது என்ன செய்வான்? இவற்றுள் மூன்றாவதே தலையாயது. கேட்டவன் கடலுக்குப் போவானா, கரையில் நிற்பானா? உப்பை இப்பொழுதே மூடுவானா, மழைக்குக் காத்திருப்பானா? பாலை விலக்குவானா, அருந்துவானா? விடை நீங்கள் கருதியதோடு ஒத்திருந்தால் இணைப்பு உறுதியாயிற்று.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலே ஆங்கிலமும் ஒரு கட்டாய பாடமாக உள்ளது. அதன் பொருட்டு நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆயிரம் சொற்களை மனனம் செய்கின்றனர். அவ்வாயிரத்தையும் கோத்து நிறுத்துவன ஒரு கைவிரல் எண்ணிக்கையில் அடங்கும் சிறு சொற்களே. அவற்றை முதலிற் செம்மை செய்து கொடுப்போமாக.